சுருட்டி வைத்த சின்னக் காகிதம்

வட்டமான இலக்குப் பலகை ஒன்று திரையில் தெரியும். அதில் ஏற்கெனவே சில அம்புகள் குத்தி நிற்கும். கடைசியாக ஓர் அம்பு பறந்து வந்து நட்டநடுவில் பாயும். 1940-களில் 'தி ஆர்ச்சர்ஸ்' என்ற பெயரில் இங்கிலாந்தில் எடுத்த படங்களின் முத்திரை இது. அதைவிட அதற்குப் பின்னால் வரும் அட்டைதான் என்னை முதலில் குழப்பியது. எழுத்து, தயாரிப்பு, இயக்கம் மூன்றுக்கும் சேர்த்து இரண்டே பெயர்கள்: மைக்கேல் பவல், எமெரிக் பிரஸ்பர்கர். யார் எந்த வேலை பார்த்தார் என்று பிரித்துப் போடவில்லை.

டைட்டில் ஓடும்போது கதை யார், வசனம் யார் என்று பார்க்காமல் எனக்குப் படத்துக்குள் போக முடியாது. சின்ன வயசிலிருந்தே அப்படி. அதனால் இந்த அட்டை எனக்கு ஒரு கடனாளியைப் போலத் தோன்றியது, கணக்கை மறைக்கிறது. கொஞ்சம் தேடியதும் கணக்கு வெளியே வந்துவிட்டது. படப்பிடிப்புத் தளத்தில் நின்று இயக்கியவர் பவல், கென்ட் பகுதியில் பிறந்த சுத்தமான ஆங்கிலேயர். கதையைப் பிடித்து முதல் திரைக்கதையை எழுதியவர் பிரஸ்பர்கர். பவல் அதைத் திருத்துவார், இவர் மறுபடி திருத்துவார். தயாரிப்பு வேலையிலும் படத்தொகுப்பிலும் இசையிலும் பிரஸ்பர்கரின் கை உண்டு, இளமையில் வயலின் வாசித்தவர். ஆனால் 'ஆங்கிலத்தன்மை' என்றாலே விமர்சகர்கள் எடுத்துக்காட்டும் படங்களை முதலில் காகிதத்தில் இறக்கிய மனிதருக்கு முப்பது வயது தாண்டும் வரை ஆங்கிலம் தெரியாது. இது தெரிந்தபிறகு அந்தப் படங்களை நான் வேறு மாதிரிப் பார்க்க ஆரம்பித்தேன்.

பிறந்தது 1902 டிசம்பர் 5, ஹங்கேரியின் மிஷ்கோல்ட்ஸ் நகரம். யூதக் குடும்பம், அப்பா பண்ணை நிர்வாகி. பெயர் இம்ரே. படித்தது தெமெஷ்வாரில். முதல் உலகப்போர் முடிந்ததும் அந்த ஊர் ருமேனியாவுக்குப் போய்விட்டது. பையன் இருந்த இடத்திலேயே இருந்தான், நாடு மாறிவிட்டது. பிராகிலும் ஷ்டுட்கார்ட்டிலும் பொறியியல் படிக்கப் போனார். அப்பா இறந்ததும் படிப்பு நின்றது. அப்புறம் பெர்லின். அங்கே காசில்லாமல் அலைந்து, பத்திரிகைகளுக்குச் சிறுகதை எழுதி, ஒருவழியாக ஊஃபா ஸ்டுடியோவின் கதை இலாகாவுக்குள் நுழைந்தார். 1930-இல் ராபர்ட் ஸியோட்மாக் இயக்கிய 'அப்ஷீட்' படத்துக்கு இர்மா ஃபான் கூபேயோடு சேர்ந்து எழுதினார். பேசும்படம் புதிதாக வந்த நேரம், வசனம் எழுதத் தெரிந்தவனுக்கு மவுசு. இம்ரேவுக்கு அந்த மவுசு மூன்று வருடம் நீடித்தது.

1933 மார்ச்சில் ஊஃபா தன்னிடமிருந்த யூதர்களை வேலையிலிருந்து கழற்றிவிட்டது. பெர்லினை விட்டுப் புறப்பட்டபோது பிரஸ்பர்கர் வீட்டுச் சாவியைக் கதவிலேயே தொங்கவிட்டுப் போனாராம். நாஜிப் படைக்காரர்கள் வந்து கதவை உடைக்கிற சிரமம் வேண்டாம் என்று. இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது, அப்புறம் சிரித்ததற்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. அவர் படங்களில் வரும் நகைச்சுவை முழுக்க இந்த ஜாதிதான். பயந்திருக்கிறவன் மரியாதையை விடாமல் அடிக்கும் கிண்டல்.

பாரிஸில் இரண்டு வருடம், நான்காவது மொழியாகப் பிரெஞ்சு. 1935-இல் லண்டன், கையில் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவனின் பயணப் பத்திரம். இம்ரே எமெரிக் ஆனது இங்கேதான். அப்போது பிரிட்டிஷ் சினிமாவின் பெரிய தலை அலெக்ஸாண்டர் கோர்டா, அவரும் ஹங்கேரியர்தான். டென்ஹாம் ஸ்டுடியோவில் கோர்டாவின் தம்பிகள், இசையமைப்பாளர் மிக்லோஷ் ரோஷா என்று ஹங்கேரியக் கூட்டமே இருந்தது. 'ஹங்கேரியனாக இருந்தால் மட்டும் போதாது, திறமையும் வேண்டும்' என்று அங்கே பலகை மாட்டியிருந்ததாக ஒரு கதை உலவுகிறது. உண்மையோ பொய்யோ, அந்த இடத்தின் வாசனை அதில் இருக்கிறது.

பவலும் பிரஸ்பர்கரும் சந்தித்தது 1938-இல், கோர்டாவின் ஒரு கூட்டத்தில். ஸ்டோரர் கிளவுஸ்டனின் உளவு நாவல் ஒன்றைக் கான்ராட் வைட் என்ற ஜெர்மன் நடிகருக்காகப் படமாக்க வேண்டும். இருந்த திரைக்கதை யாருக்கும் பிடிக்கவில்லை. அந்த அறையில் குள்ளமான, கண்ணாடி போட்ட ஒருவர் சட்டைப்பையிலிருந்து சுருட்டி வைத்த சின்னக் காகிதம் ஒன்றை எடுத்தார். அதைப் பார்த்துப் பார்த்துப் பேசினார். நாவலின் கதையைத் தலைகீழாக நிறுத்தி முழுக்கப் புதிதாகக் கட்டியிருந்தார். பவல் பல வருடம் கழித்துச் சுயசரிதையில் இந்தக் காட்சியைச் சொக்கிப்போய் எழுதியிருக்கிறார். அந்தப் படம் 'தி ஸ்பை இன் பிளாக்', 1939-இல் வெளியானது. கதாநாயகன் ஒரு ஜெர்மன் நீர்மூழ்கிக் கேப்டன். இரண்டாம் உலகப்போர் தொடங்கும் வாரங்களில் லண்டன் தியேட்டர்களில் எதிரியை மனிதனாகக் காட்டி ஒரு படம் ஓடியிருக்கிறது!

அந்தச் சின்னக் காகிதம் என் மனதில் ஒட்டிக்கொண்டதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. பிரஸ்பர்கரின் கதைகளை வரிசையாகப் பார்த்தால் எல்லாவற்றிலும் காகிதம் வருகிறது. எல்லை வருகிறது, அனுமதி கேட்கிறவனும் கொடுக்க மறுக்கிறவனும் வருகிறார்கள். '49-த் பேரலல்' (1941) படத்தின் பெயரே கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும் நடுவில் ஓடும் எல்லைக்கோடு. ஹட்சன் வளைகுடாவில் கப்பலை இழந்த ஆறு ஜெர்மன் மாலுமிகள் அந்தக் கோட்டைத் தாண்டி, அப்போது போரில் சேராமல் இருந்த அமெரிக்காவுக்குள் போய்விடப் பார்க்கிறார்கள். அரசாங்கப் பணத்தில் எடுத்த பிரச்சாரப் படம், அமெரிக்காவைப் போருக்குள் இழுக்க வேண்டும் என்பதுதான் நோக்கம். கோயபல்ஸுக்கே பிரச்சாரம் என்றால் என்னவென்று காட்டலாம் என்று நினைத்ததாகப் பிரஸ்பர்கர் பின்னாளில் சொன்னார். 1942-ஆம் ஆண்டுக்கான ஆஸ்கரில் சிறந்த மூலக்கதை விருது இதற்குத்தான். அவர் வாங்கிய ஒரே ஆஸ்கர்.

விருது வந்த நேரத்தில் அவர் நிலைமை என்ன? 1941 டிசம்பரிலிருந்து பிரிட்டனும் ஹங்கேரியும் போரில் இருந்தன. பிரிட்டனுக்காகப் பிரச்சாரப் படம் எழுதுகிற இந்த மனிதர் சட்டப்படி 'எதிரி நாட்டு அந்நியர்'.

அந்த நிலையில் உட்கார்ந்து எழுதியதுதான் 'தி லைஃப் அண்ட் டெத் ஆஃப் கர்னல் பிளிம்ப்' (1943). என்னைக் கேட்டால் அவர் எழுதியதில் இதுதான் உச்சம். 'தி ரெட் ஷூஸ்' ரசிகர்கள் சண்டைக்கு வரலாம், வரட்டும். இதன் விதை இதற்கு முன் எடுத்த 'ஒன் ஆஃப் அவர் ஏர்கிராஃப்ட் இஸ் மிஸ்ஸிங்' (1942) படத்தில் வெட்டிப் போட்ட ஒரு காட்சி. வயதானவர் ஒருவர் இளைஞனைப் பார்த்து, கிழவனாக இருப்பது எப்படி என்று உனக்குத் தெரியாது என்கிற மாதிரிப் பேசுவார். அதன் படத்தொகுப்பாளர் டேவிட் லீன், பின்னாளில் பெரிய இயக்குநர் ஆனவர், இதையே தனிப் படமாக எடுக்கலாமே என்றாராம்.

கிளைவ் கேண்டி என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரியின் நாற்பது வருட வாழ்க்கை. கதை பின்னோக்கிப் போய் நிற்கும் வருடம் 1902, பிரஸ்பர்கர் பிறந்த வருடம். பெர்லினில் ஓர் அவமானத்தைத் தீர்க்க கேண்டி வாள்சண்டை போட வேண்டும். எதிரில் முன்பின் தெரியாத ஜெர்மன் அதிகாரி தியோ. சண்டைக்கு முந்தைய சடங்குகளைப் படம் நிதானமாகக் காட்டும். விதிப் புத்தகத்தைத் திறந்து படிப்பார்கள், தூரத்தை அளப்பார்கள், சட்டைக் கையை மடிக்கலாமா கிழிக்கலாமா என்று கேட்பார்கள். எல்லாம் முடிந்து வாள்கள் மோதத் தொடங்கியதும் கேமரா அப்படியே மேலே ஏறிக் கூரையைத் தாண்டிப் பனி விழும் வெளிக்குப் போய்விடும். சண்டையைக் காட்டவே மாட்டார்கள். முதல் தடவை பார்த்தபோது ஏமாந்தேன். நாலாவது தடவைதான், எழுதியவருக்குச் சண்டையில் அக்கறையே இல்லை, விதிகளில்தான் அக்கறை என்று உறைத்தது. விதிகளை நம்பி வாழும் ஒருவன், விதிகளைக் காலில் போட்டு மிதிக்கும் எதிரியிடம் என்ன ஆவான் என்பதுதான் முழுப் படமும்.

அப்புறம் அந்த விசாரணைக் காட்சி. 1939 நவம்பர். தியோ கிழவனாகி, அகதியாக இங்கிலாந்து வந்திருக்கிறான். அந்நியர்களை விசாரிக்கும் அதிகாரி மேஜைக்கு அந்தப் பக்கம். ஹிட்லர் வந்த 1933-லேயே பலர் கிளம்பிவிட்டார்களே, நீங்கள் ஏன் உடனே வரவில்லை என்று கேட்கிறார். ஹிட்லரால் எனக்கு ஆபத்தில்லை என்று நினைத்தேன், தப்பு என்று தெரிய எட்டு மாதம் ஆனது என்கிறான் தியோ. ரொம்ப நாள் எடுத்துக்கொண்டீர்களே என்கிறார் அதிகாரி. தியோ மரியாதை குறையாமல் சொல்கிறான்: தவறாக நினைக்காதீர்கள், இங்கிலாந்துக்காரர்களுக்கு ஐந்து வருடம் ஆனதே.

போர் நடந்துகொண்டிருக்கும்போது, எதிரி நாட்டு அந்நியர் ஒருவர், பிரிட்டிஷ் படத்தில், பிரிட்டிஷ் அதிகாரியின் முகத்துக்கு நேரே இதைச் சொல்ல வைக்கிறார். அதற்குப் பிறகு தியோ பேசும் நீண்ட பேச்சில் கேமரா அவனை விட்டு விலகவே விலகாது. இறந்துபோன ஆங்கிலேய மனைவி, நாஜிகளாகிவிட்ட இரண்டு மகன்கள், அம்மாவின் அடக்கத்துக்குக்கூட வராத பிள்ளைகள். கடைசியில் தான் இங்கே வந்ததற்கு ஒரே காரணம் சொல்கிறான், ஏக்கம். மனைவியின் ஊர்மேல் வைத்த ஏக்கம். அந்த வேடத்தில் நடித்த ஆன்டன் வால்ப்ரூக் ஆஸ்திரியாவில் பிறந்து தானும் ஜெர்மன் சினிமாவை விட்டு வந்தவர். எழுதியவரும் பேசியவரும் வேறு வேறு காகிதத்தோடு அதே மேஜை முன் நின்றவர்கள்.

நான் ஒரு தடவை ஒரு தூதரகத்தின் வெளியே வெயிலில் மூன்று மணி நேரம் கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன். உள்ளே போனதும் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்தவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. வேலை விஷயமாகப் பத்து நாள் போய்வரக் கேட்ட அனுமதிதான், உயிர்ப் பிரச்சினை இல்லை. தியோவோடு அதை ஒப்பிடுவது அபத்தம். ஆனாலும் இப்போது அந்தக் காட்சியைப் பார்க்கும்போது அதிகாரி தியோவின் முகத்தைப் பார்க்கிறாரா என்றுதான் என் கண் முதலில் போகிறது. பார்க்கிறார்.

இந்தப் படத்தை நிறுத்த என்ன வழி என்று சர்ச்சில் தன் அமைச்சருக்கே எழுதிக் கேட்டார். ராணுவம் உதவ மறுத்தது. முதலில் நினைத்திருந்த லாரன்ஸ் ஒலிவியரைக் கடற்படை விடவில்லை, ரோஜர் லிவ்ஸி நடித்தார். படம் வந்தபிறகும் வெளிநாட்டுக்கு அனுப்புவதைத் தாமதப்படுத்தினார்கள். 163 நிமிடப் படம் அமெரிக்காவில் வெட்டுப்பட்டுத்தான் ஓடியது. நல்ல ஜெர்மானியன் ஒருவன் இருக்கலாம் என்பதே அந்த நேரத்தில் பொறுக்க முடியாத கருத்து. அதைச் சொன்னவர் ஒரு யூதர். அடுத்த வருடம் ஹங்கேரியின் யூதர்களை ரயிலேற்றி ஆஷ்விட்ஸுக்கு அனுப்பினார்கள். அவர் அம்மா அங்கே இறந்தார். அம்மாவை முன்பே அழைத்து வந்திருக்கலாமே என்ற எண்ணம் அவரை விட்டுப் போகவே இல்லை என்று, அவர் வாழ்க்கையை எழுதிய பேரன் கெவின் மெக்டொனால்ட் சொல்கிறார்.

1946-இல் பிரஸ்பர்கருக்குப் பிரிட்டிஷ் குடியுரிமை கிடைத்தது. அதே வருடம் 'எ மேட்டர் ஆஃப் லைஃப் அண்ட் டெத்'. பிரிட்டனுக்கும் அமெரிக்காவுக்கும் இடையில் கசப்பு வளர்கிறது, ஏதாவது செய்யுங்கள் என்று தகவல் அமைச்சகம் கேட்டதில் பிறந்த படம். வேறு யாராவது எழுதியிருந்தால் இரண்டு நாட்டுச் சிப்பாய்கள் கைகுலுக்கும் கதை ஒன்று வந்திருக்கும். பிரஸ்பர்கர் சொர்க்கத்தில் ஓர் அலுவலகத்தைத் திறந்தார்.

எரியும் விமானத்திலிருந்து பாராசூட் இல்லாமல் குதிக்கிறான் பீட்டர். கூட்டிப்போக வர வேண்டிய தூதர், பிரெஞ்சுப் புரட்சியில் தலை போன ஒரு பிரபு, இங்கிலாந்தின் பனிமூட்டத்தில் ஆளைத் தவறவிடுகிறார். மேலே கணக்கில் ஒருவர் குறைகிறார். கணக்குப்பிள்ளைகள் பதறுகிறார்கள். கீழே பீட்டர் உயிரோடு கரையேறி, கடைசி நிமிடத்தில் ரேடியோவில் பேசிய அமெரிக்கப் பெண்ணைக் காதலித்தும் விடுகிறான். தவறு உங்களுடையது, எனவே நான் மேல்முறையீடு செய்கிறேன் என்கிறான். எமலோகத்துக் கணக்கில் தப்பு விழுந்து ஆள் திரும்பி வருகிற கதைகள் நமக்குப் புதிதில்லை, பாட்டிகள் சொன்னதுதான். ஆனால் எமன்மேலேயே வழக்குப் போடுவது வேறு விஷயம்.

பூமி வண்ணத்தில், சொர்க்கம் கறுப்பு வெள்ளையில். இரண்டுக்கும் நடுவில் 106 படிகள் கொண்ட நகரும் மாடிப்படி. இதையெல்லாம் எல்லோரும் எழுதிவிட்டார்கள். நான் எப்போதும் காத்திருப்பது ஜூரிகள் வரும் இடத்துக்கு. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அமெரிக்க விடுதலைப் போரில் ஆங்கிலேயக் குண்டுக்கு முதலில் பலியானவர். அவர் கூட்டி வரும் ஜூரிகள் ஆங்கிலேயரிடம் அடிபட்ட நாட்டுக்காரர்கள்: பிரெஞ்சுக்காரர், தென்னாப்பிரிக்க போயர், ரஷ்யர், சீனர், ஐரிஷ்காரர், ஓர் இந்தியர். இந்தியாவுக்கு விடுதலை கிடைக்க இன்னும் ஒரு வருடம் இருக்கிறது, திரையில் ஓர் இந்தியர் இங்கிலாந்துக்குத் தீர்ப்புச் சொல்ல உட்கார்ந்திருக்கிறார். பீட்டரின் வழக்கறிஞர் ஆட்சேபித்து, எனக்கு அமெரிக்க ஜூரிகள் வேண்டும் என்று கேட்கிறார். மாற்றுகிறார்கள். வருகிறவர்களும் அதே பல நாட்டு வம்சாவளிதான், இப்போது அமெரிக்கக் குடிமக்கள். மாறியது காகிதம் மட்டும். அந்த வருடம்தான் தன் கைக்குக் காகிதம் வந்த மனிதர் இதை எழுதியிருக்கிறார். இந்தப் படத்தைத்தான் 1946 நவம்பர் 1-இல் முதல் அரச குடும்பத் திரையிடலுக்குத் தேர்ந்தெடுத்தார்கள்.

இமயமலைக் கன்னிமாடக் கதையான 'பிளாக் நார்சிஸஸ்' (1947) பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. ரூமர் காடனின் நாவல், படம் முழுக்க இங்கிலாந்திலேயே எடுத்தது, மலைகளில் பல கண்ணாடியில் வரைந்தவை. மைசூர் பக்கத்து யானைப்பாகன் மகனான சாபு அதில் இளவரசனாக வருவார். முகத்தில் பழுப்பு மை பூசிய வெள்ளைக்கார நடிகையைப் பார்க்கும்போது எனக்கு இன்றும் நெளியத்தான் செய்கிறது. ஜாக் கார்டிஃபின் ஒளிப்பதிவு அதை மறக்கவைக்கும் அளவுக்கு அழகு என்பார்கள். எனக்கு மறக்கவில்லை.

'தி ரெட் ஷூஸ்' (1948) கதையைப் பிரஸ்பர்கர் பத்து வருடம் முன்பே கோர்டாவுக்காக எழுதி வைத்திருந்தார். அது கிடப்பில் கிடந்தது. தான் எழுதியதைத் தானே பணம் கொடுத்துத் திரும்ப வாங்க வேண்டியிருந்தது. முடித்த படத்தைப் பார்த்த, அதற்குப் பணம் போட்ட ரேங்க் நிறுவனத்து மேலதிகாரிகள் ஒரு வார்த்தை சொல்லாமல் எழுந்து போனார்கள். அதையே நியூயார்க்கில் ஒரே தியேட்டரில் இரண்டு வருடத்துக்கு மேல் ஓட்டினார்கள். நடுவில் 15 நிமிடத்துக்கு மேல் வசனமே இல்லாமல் ஒரு முழு பாலே. வசனம் எழுதிப் பிழைத்தவர் தன் படத்தின் இதயத்தில் வசனத்தை எடுத்துவிட்டார் பாருங்கள்.

அதற்குப் பிறகு இறங்குமுகம். 1957-இல் இருவரும் பிரிந்தார்கள், பெரிய சண்டை ஒன்றும் இல்லை. தனியாக ஒரே ஒரு படம் இயக்கினார், 1953-இல், ஓடவில்லை. ரிச்சர்ட் இம்ரி என்ற புனைபெயரில் சில திரைக்கதைகள். இம்ரே, எமெரிக், இம்ரி என்று சுற்றிச் சொந்தப் பெயருக்குப் பக்கத்தில் வந்து நின்றுவிட்டார். பவலை அமெரிக்க இயக்குநர் மார்ட்டின் ஸ்கோர்செஸி தேடிக் கண்டுபிடித்துக் கொண்டாடினார். பவல் சுயசரிதையே இரண்டு பெரிய புத்தகம் எழுதினார். பிரஸ்பர்கர் தன்னைப் பற்றி எழுதவில்லை. சஃபோக்கில் ஒரு கிராமத்து வீட்டில் அமைதியாக இருந்து 1988-இல் இறந்தார். அவரைப் புதைத்த தேவாலயத்துக் கல்லறைத் தோட்டத்தில் தாவீதின் நட்சத்திரம் பொறித்த கல் அவருடையது ஒன்றுதான்.

அவர் 1966-இல் எழுதிய 'தி கிளாஸ் பேர்ல்ஸ்' நாவலை, சில வருடங்களுக்கு முன் மறுபதிப்பு வந்தபோதுதான் வாங்கினேன். இரண்டு ராத்திரியில் முடித்துவிட்டு மூன்றாவது ராத்திரி சரியாகத் தூங்கவில்லை. லண்டனில் ஒண்டுக்குடித்தன அறையில் வாழும் பியானோ சுருதி சேர்ப்பவன் கார்ல் பிரவுன். அமைதியானவன், இசை தெரிந்தவன், கூச்ச சுபாவம். மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டால் உடம்பு விறைக்கிறது. அகதி என்று மற்றவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். அவன் முகாமில் கைதிகள்மேல் ஆராய்ச்சி செய்த நாஜி மருத்துவன்.

நாம் அவன் தலைக்குள் இருந்துகொண்டு அவனோடு சேர்ந்தே பயப்படுகிறோம். அந்த அறை, அந்த இசை, வேற்று மொழியில் ஜாக்கிரதையாகப் பேசும் அந்த நாக்கு எல்லாவற்றையும் பிரஸ்பர்கர் தன்னிடமிருந்தே எடுத்துக் கொடுத்திருக்கிறார், தன் அம்மாவைக் கொன்ற கூட்டத்தில் ஒருவனுக்கு. நூறு பக்கம் தாண்டியபோது, இவன் மாட்டிக்கொள்ளக் கூடாதே என்று நான் ஒரு நொடி நினைத்துவிட்டேன். புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன்.